இருபத்து மூன்றாம் சுற்று

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது. நானும் மேகலாவும் அடுப்படியில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடப் பழகிவிட்டோம். மேஜை முழுக்க ஒரு வரைபடம் விரித்து, அதன் மேல் சின்னச் சின்ன அட்டைச் சில்லுகள் அடுக்கியிருப்பதை நேற்று வந்த உங்கள் ஏட்டு பார்த்தார். "பசங்க வெளையாடறதா சார்?" என்று கேட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அது நான் விளையாடுவது.

என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். பெயர் ராஜ்குமார், வயது நாற்பத்து மூன்று, சொந்த ஊர் உத்தனப்பள்ளி. ஓசூரில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை.

போர் விளையாட்டுகள் சேர்ப்பது என் பழக்கம். பத்து வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு கடையில் முதல் பெட்டியை வாங்கினேன். பிறகு மாதம் ஒன்று, அப்புறம் இரண்டு. இப்போது பின்னறையில் நூற்று எண்பத்தாறு பெட்டிகள். கம்பெனி ஸ்டோர்ஸில் இருப்பதுபோல இரும்பு ரேக் அடித்து அடுக்கியிருக்கிறேன். சில பெட்டிகளில் விரல் உயரச் சிப்பாய்கள் உண்டு. அவர்கள் சட்டைப் பொத்தான் வரைக்கும் நானே உட்கார்ந்து பெயின்ட் அடித்திருக்கிறேன். மேகலா ஒருநாள் வாசலில் நின்றபடியே கேட்டாள்: "இத்தன பெட்டி வாங்கி அடுக்கறீங்களே, கூட உக்காந்து வெளையாட ஒரு ஆள வாங்கினீங்களா?"

நியாயமான கேள்விதான். இந்த ஊரில் ஆள் நிற்பதில்லை. மதுரையிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் வருகிறார்கள், நாலு காசு பார்த்ததும் போய்விடுகிறார்கள். என்னோடு விளையாட உட்கார்ந்தவர்களில் ஒருவர் குஜராத்துக்கு மாற்றல் வாங்கினார், ஒருவருக்குக் கல்யாணம் ஆனது, ஒருவர் அறுபது பக்க விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு டீயோடு கிளம்பிவிட்டார். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து எனக்கு அலுத்துவிட்டது.

மணிகண்டன் அப்படி இல்லை. சாத்தூர்ப் பக்கத்துப் பையன், இருபத்தேழு வயது, எங்கள் கம்பெனியில் பவர் பிரஸ் ஆபரேட்டர். மனைவி பெயர் வினிதா. ரேக் தூக்கி வைக்கக் கூப்பிட்டேன். தூக்கி வைத்துவிட்டு ஒரு பெட்டியைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டான். ஒரே வாரத்தில், போனில் அர்த்தம் தேடித் தேடி, விதிப் புத்தகம் முழுவதையும் படித்து முடித்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். அந்த இரண்டு வருஷம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மேஜையில் இருக்கும் விளையாட்டு நம் ஊரைப் பற்றியது. மைசூர்ச் சண்டை. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை எல்லாம் அதில் கட்டங்களாக இருக்கின்றன. மொத்தம் நாற்பத்தொரு சுற்று. வாரம் ஒரு சுற்றுதான் முடியும். நான் வெள்ளைக்காரன் படை, அவன் மைசூர்ப் படை. "எங்க சாத்தூர் இதுல வராதாண்ணே?" என்று அடிக்கடி கேட்டுச் சிரிப்பான்.

இருபத்து மூன்றாம் சுற்று முடிந்த அன்று காய்களைச் சரிசெய்துகொண்டே சொன்னான்.

"அண்ணே, மாசக் கடைசியோட நின்னுக்கிறேண்ணே. வினிதாவுக்கு ஏழு மாசம் ஆச்சு. ஊருலயே தீப்பெட்டி ஆபீஸ்ல மெஷின் வேலை சொல்லியிருக்காங்க."

"அப்ப இது?" என்று மேஜையைக் காட்டினேன்.

"போட்டோ எடுத்து வச்சுக்கலாம்ணே. போன்லயே ஆடுவோம்."

எனக்குக் கோபம் வரவில்லை. உடம்பெல்லாம் அசந்துபோனது. இன்னொருவனைத் தேடி, உட்கார வைத்து, அறுபது பக்கத்தையும் மறுபடி சொல்லிக்கொடுக்கத் தெம்பில்லை. அவனுக்கு வாழ்த்துச் சொன்னேன். மேகலா கேசரி கிண்டினாள்.

பவர் பிரஸ் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆபரேட்டர் தகட்டை உள்ளே வைத்துக் காலால் பெடலை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே இருந்தால் சென்சார் பார்த்து மெஷினை நிறுத்திவிடும். அந்த நம்பிக்கையில் வேகமாக ஓட்டுகிறவர்கள் கை வெளியே வருவதற்குள் பெடலை மிதித்துவிடுவார்கள். செய்யக் கூடாதுதான், ஆனால் செய்வார்கள். மணி செய்வான்.

தகடு நீளமாக இருந்தால் சென்சார் அதையும் கை என்று நினைத்து நிறுத்திக்கொண்டே இருக்கும். அப்போது சென்சாரை அணைக்க பைபாஸ் சாவி ஒன்று உண்டு. அதுவும் சட்டப்படி கூடாது. எங்கள் லைனில் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். சாவியைத் திருப்பினால் மெஷின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிட வேண்டும். துணியைப் பார்த்தால் ஆபரேட்டர் கையை உள்ளே விடமாட்டான், இடுக்கியால் எடுப்பான். எத்தனையோ வருஷமாக அந்தத் துணி யாரையும் ஏமாற்றியதில்லை.

இருபத்தாறாம் தேதி காலை ஷிப்டில் மணியின் மெஷினில் சாவியைத் திருப்பினேன். துணி கட்டவில்லை.

யோசிக்காமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் ஓட்டியது சின்ன மெஷின். பெரியதாக இருந்தால் மணிக்கட்டே போயிருக்கும், அந்த அளவுக்கு நான் கெட்டவன் இல்லை. அதில் பீஸை எடுப்பது வலது கை. மணி தாயக்கட்டை உருட்டுவதும் காய் நகர்த்துவதும் இடது கையால். அடிபட்டால் இ.எஸ்.ஐ. வைத்தியம், மெடிக்கல் போர்டு என்று ஆறு மாசம் ஊரை விட்டுப் போக முடியாது. தீப்பெட்டி ஆபீஸில் அத்தனை நாள் காத்திருக்க மாட்டார்கள். பதினெட்டுச் சுற்றுக்குப் பதினெட்டு வாரம் போதும்.

மூன்று விரல்கள் போயின. கேண்டீன் ஃபிரிட்ஜில் ஐஸ் இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன். நானேதான் என் காரில் அவனைக் கூட்டிப்போனேன். வழி முழுக்க என் தோளில் சாய்ந்துகொண்டு "வினிதாட்ட சொல்லாதீங்கண்ணே" என்றான். விரல்கள் ஒட்டவைக்கும் நிலையில் இல்லை என்று டாக்டர் சொன்னார். விசாரணை அறிக்கையில் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். அதில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

அவனுக்கு லேசான வேலையாக ஸ்டோர்ஸில் போடச் சொல்லி மேனேஜரிடம் பேசியதும் நான்தான். ஒரு மாசம் கழித்து மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தான். முன்போலச் சிரிக்கவில்லை. ஆனால் விளையாட்டில் குறையில்லை. இருபத்து நாலும் இருபத்தைந்தும் நல்ல சுற்றுகள்.

ஸ்டோர்ஸில்தான் சாவிப் பதிவேடு இருக்கிறது என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. எந்தச் சாவி எடுத்தாலும் நேரம் போட்டுக் கையெழுத்திடுவது என் பழக்கம். அன்றைக்கும் கை தானாகப் போட்டிருக்கிறது.

போன ஞாயிறு காலை, இருபத்தாறாம் சுற்று. அவன் உருட்ட வேண்டிய முறை. கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, அன்னைக்கு ஒம்பது பத்துக்கு பைபாஸ் சாவி எடுத்தது நீங்களாண்ணே?"

"ஆமா."

"துணி கட்ட மறந்துட்டீங்களா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான். நம்ப வேண்டும் என்று அவனுக்கே ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. எனக்குத்தான் பொய் சொல்லி, அதை வாரா வாரம் காப்பாற்றச் சலிப்பாக இருந்தது. நன்றாக விளையாடுகிறவனிடம் பொய் சொல்வதும் பிடிக்கவில்லை.

"மறக்கல மணி. நீ ஊருக்குப் போறேன்ன, அதான். உன் முறை, உருட்டு."

அவன் உருட்டவில்லை. கட்டையை மெதுவாக மேஜையில் வைத்தான். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மேகலா அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். வெளியே வந்து, அவன் தோளைப் பிடித்து எழுப்பி, ஸ்கூட்டியில் உட்கார வைத்து உங்கள் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தாள். அதன் பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை, தேன்கனிக்கோட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று ஏட்டு சொன்னார்.

மேலே எழுதியதெல்லாம் உண்மை. சாவியைத் திருப்பியது நான், துணியைக் கட்டாமல் விட்டதும் நான், தெரிந்தேதான் செய்தேன். யாரும் தூண்டவில்லை.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு சார். அவன் என்னைவிட நன்றாக ஆடிக்கொண்டிருந்தான், கிருஷ்ணகிரிக் கோட்டையை நான் பிடித்திருக்கவே முடியாது. பதினாறு சுற்று மீதம் இருக்கிறது. இனி நான் கூப்பிட்டால் வரமாட்டான். முடித்துவிட்டு ஊருக்குப் போகச் சொல்லி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பையன்.