சபாவில் ஓர் இடம்

கிள்ளான் ரயில் இன்றும் தாமதம். பெட்டியில் பதினொரு பேர். எதிரே ஒரு லோரி ஓட்டுநரும் அவர் மகளும்.

“அப்பா, அப்பீல்ல யூனிவர்சிட்டி இடம் கெடச்சிருச்சு. ஆனா கடல் தாண்டி, சபாவுல. வேணாம்னு போட்டுடவா?”

“எஸ்டிபிஎம் பரீட்ச எடுத்தது வீட்ல உக்காரவா? சரின்னு போடு.”

“அம்மா போனப்புறம் நாம ரெண்டு பேருதானே. தனியா என்ன செய்வீங்க?”

“எனக்கென்னலா? லோரி ஓட்டுவேன், தூங்குவேன்.”

அவள் வெகுநேரம் கைப்பேசியையே பார்த்தாள். பிறகு விரலால் தொட்டாள். “போட்டுட்டேன்ப்பா.”

“நல்லது. ரைஸ் குக்கர நீ எடுத்துட்டுப் போ.”

“ஹாஸ்டல்ல அதெல்லாம் வைக்கக் கூடாதுப்பா.”

“கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வை.”

“அப்ப உங்களுக்கு?”

“ஒரு ஆளுக்கு எதுக்குமா சோறாக்கணும்? கடையில பொட்டலம் கட்டிக்கிறேன்.”