செல் அடிச்சது

"படுங்கோ! படுங்கோ!"

கத்துவது என் கணவர் அன்ரன். 2007, மாசி. வெள்ளிக்கிழமை, காலை பத்தே கால். மன்னார்ப் பக்கம், எங்கள் வேலியோரம். முதலில் தூரத்தில் 'டொம்'. ஓடினோம். பிறகு கூவல். கூவல் நின்றால் தலைக்கு மேல் என்று அர்த்தம். நின்றது. நான் விழுந்தேன். மகன் றெஜி விழவில்லை. அவனைப் பிடிக்க அன்ரன் எழுந்தார். அவ்வளவுதான். இரண்டு பேரும்.

என் தொடையில் குண்டின் இரும்பு. காயக்காரி என்று என்னை மட்டும் வவுனியாவுக்கு ஏற்றினார்கள். பதினான்கு வயது மகள் டிலானி, என் தங்கையோடு வன்னிக்குள் நின்றுவிட்டாள். பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

இதைக் கனடா வந்து மொன்றியலில் சொன்னேன். 2008, ஆடி. அகதி விசாரணை அறை. எதிரே அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், சென்னைக்காரர். நானும் தமிழ், அவரும் தமிழ், பிறகென்ன பயம் என்று இருந்தேன். மடைச்சி. என்னை ஏற்றுக்கொண்டால் டிலானியைக் கூப்பிடலாம். அது ஒன்றுக்காகத்தான் வாயைத் திறந்தேன்.

நிராகரித்தார்கள். நான் பொய் சொல்கிறேனாம்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு நிலக்கீழ் அறை. மூன்று கிழட்டுப் பேராசிரியர்கள். மூவரும் யூதர்கள். மூவரையும் அவரவர் நாடு துரத்தியிருந்தது. அகதிகளின் கடிதங்களை வாசித்துப் பதில் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு வாய்த்தவர் மதாம் ஹலினா. போலந்தில், வார்சோவில் மொழியியல் படிப்பித்தவர். யூதர் என்று 1968இல் வெளியே தள்ளினார்களாம். எனக்கு அவரைக் கண்ணில் காட்டக்கூடாது. பொலிஸ்காரி மாதிரிக் கேட்டார். எத்தனை மணி? எந்தப் பக்கம்? மறுபடி. மறுபடி. என் பிள்ளையை ஏழு தரம் சாகவைத்தார்.

"உனக்கு நெஞ்சில ஈரமில்லையோ மனுசி?"

தமிழில்தான் கத்தினேன். குரலிலேயே விளங்கியிருக்கும்.

"டெலிபோன் எங்கே இருந்தது?" என்றார். இருவருக்கும் அரைகுறை இங்கிலீஷ்தான் பொது.

"என்ன டெலிபோன்?"

நிராகரித்த கடிதத்தில் விரலை வைத்தார். செல்போன் அடித்ததாம். நாங்கள் ஓடினோமாம். அந்த ஊரில் செல்போனே வேலை செய்யாதாம். அப்படியே அடித்திருந்தாலும், கூப்பிட்டு எச்சரித்தது யார்? புலி இயக்கமா?

அவர் விசாரணை ஒலிப்பதிவைப் போட்டார். என் குரல்: "செல் அடிச்சது. ஓடினம்." அடுத்தது அந்தச் சென்னைக்காரரின் இங்கிலீஷ். செல்போன்.

ஐயோ கடவுளே. சென்னையில் செல் அடித்தால் எடுத்துப் பேசுவார்கள். எங்கள் ஊரில் செல் அடித்தால் பிணம் எடுப்போம்.

"இதற்கு வேறு சொல் இருக்கிறதா?"

"எறிகணை."

எழுதச் சொன்னார். எழுதினேன். அதை வைத்துக்கொண்டு அவர் மேல்முறையீடு என்று நான்கு பக்கம் எழுதினார். என்னைத் தேற்றவுமில்லை, தடவவுமில்லை. அன்றைக்குத்தான் அந்த மனுசியை நம்பினேன்.

மறு விசாரணைக்கு மாதக்கணக்கில் காக்க வைத்தார்கள். ஜான்-டலோன் சந்தையில் தக்காளி அடுக்கினேன். வன்னியில் டிலானி இடம் இடமாக ஓடிக்கொண்டிருந்தாள். 2009, ஆனி. முகாமிலிருந்து தங்கையின் போன்.

"அக்கா, டிலானி இல்லை. சித்திரையில. பங்கர் வாசல்ல நிண்டவள். செல் அடிச்சது அக்கா."

இதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆடியில் என்னை ஏற்றுக்கொண்டார்கள். அதிகாரி கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு வருடம். முதலிலேயே ஏற்றிருந்தாலும் அவளை வெளியே எடுத்திருக்க முடியாது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வாயை மூடச் சொல்கிறேன்.

அடுத்தது நிரந்தர வதிவிடப் படிவம். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர்? மதாம் ஹலினா அந்த வரியை வாசித்துவிட்டுப் பேனையை என்னிடம் தந்தார். நானே எழுதினேன். பூச்சியம்.

எண்ணிக்கை இதுதான். கணவர் அன்ரன், நாற்பத்தாறு. மகன் றெஜி, பதினேழு. மகள் டிலானி, பதினாறு. மூன்று பேர். முதல் இருவரையும் சேமக்காலையில் புதைத்தார்கள். மூன்றாவது எங்கே என்று தங்கைக்கும் தெரியாது.