கத்தரிக்கோல் நடையும் கைநழுவிய விசிறியும்

விழாக் களைப்பு தீராமலே விருந்துக்கு வந்து வீற்றிருக்கும் நாணல் ஆட்டக் குழுவின் தலைவர் மியோஷி அவர்களே! அவரையே அதட்டி ஆட வைக்கும் பெரியோர்களே! கட்டைச் செருப்பின் நுனியில் நின்று தொக்குஷிமா நகரத் தெருவையே தூக்கி நிறுத்திய தாய்மார்களே! என் முதுகுக்குப் பின்னால் முழங்கி முழங்கி என்னை விரட்டிய முரசுக்காரர்களே! கடைசி வரிசையின் கடைசி ஆளான இந்தக் காவாதாவின் கனிவான வணக்கம்!

ஆட்டத்தைப் பற்றி இவனா பேசுவது என்கிறீர்களா? நீந்தத் தெரியாதவன்தானே ஐயா, தண்ணீரை அதிகம் குடித்திருப்பான்!

நான் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவன். விளையாட்டு விழா அணிவகுப்புக்குப் பிள்ளைகளைப் பழக்கியே தலை நரைத்தவன். ஓர் உதாரணம் சொல்கிறேன். கத்தரிக்கோலைப் பாருங்கள், ஒரு பக்கம் முன்னே போனால் மறுபக்கம் பின்னே போகும். வலக்காலோடு இடக்கை போகும் என் அணிவகுப்பு நடை அது. கதவைப் பாருங்கள், பலகை முழுவதும் ஒன்றாகத் திரும்பும். வலக்கையும் வலக்காலும் சேர்ந்தே போகும் நம் ஆட்டம் அது. கத்தரிக்கோலைக் கதவாக்க முடியுமா?

முடியும் என்று நம்பியவள் என் மனைவி கினுயோ. பெண்கள் அணியின் முன்வரிசைக்காரி. ஆண்டுதோறும் அவள் ஆடுவாள். நான் அவளுடைய தண்ணீர்ப் புட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடப்பேன். இந்த ஆண்டு அவள் தலைவரிடம் போய் நின்றாள்.

"இவரையும் ஆட விடுங்க. இவரால வரிசை கலைஞ்சா, என் தொப்பியக் கழட்டி உங்க கையில குடுத்துடறேன்."

முன்வரிசை வைக்கோல் தொப்பி! கழற்றிக் கொடுத்தால் அந்த இடமே போனது என்று பொருள். என் காலை நம்பித் தன் தலையைப் பணயம் வைத்தாள்!

நேற்று மாலை தெருவில் இறங்கினோம். முதலில் கதவாகத்தான் இருந்தேன். திடீரென்று தாளக்காரர் தகேயிச்சி மணியை வேகமாகத் தட்டினார். என் உடம்பு பயந்தது. பயந்த உடம்பு எங்கே ஓடும்? பழைய பழக்கத்துக்குத்தான் ஓடும்! முழங்கால் விறைத்தது, முகவாய் உயர்ந்தது, மார்பு நிமிர்ந்தது. வளைவது நாணல், வளையாதது நான்!

பார்வையாளர் வரிசையில் என் பழைய மாணவர்கள் வேறு!

"டேய், நம்ம சார்டா!"

"சார், அணிவகுப்பு அடுத்த மாசம்தான்! இப்ப ஆடுங்க சார்!"

அத்தோடு விட்டார்களா? "ஒண்ணு, ரெண்டு! ஒண்ணு, ரெண்டு!" என்று கைதட்டினார்கள். நான் கற்றுக்கொடுத்த அதே கைதட்டல்! நான் இன்னும் விறைத்தேன். முன்னால் வரிசை விலகிப் போயிற்று. நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவுக்கு இடைவெளி. போதாததற்கு, ஆட்டத்துக்காகக் கையில் பிடித்திருந்த விசிறியும் நழுவி விழுந்தது.

குனிந்தேன். பின்னாலிருந்து தகேயிச்சி கத்தினார்: "நிமிராதீங்க வாத்தியாரே! முரசு உங்க முதுகுக்கு மேலயே வந்துடுச்சு, நிமிர்ந்தா இடிக்கும்!"

குனிந்தபடியே ஓடினேன். வலக்காலை நீட்டி வலக்கையால் பிடிக்கப் பார்த்தேன். காற்று விசிறியைத் தள்ளியது. இடக்காலை நீட்டி இடக்கையால் பார்த்தேன், மறுபடி தள்ளியது. வலம், இடம், வலம், இடம்... ஐயா, கதவாகிவிட்டேன்! மக்கள் அதைப் புது அடவு என்று நினைத்து ஆரவாரம் செய்தார்கள். விசிறி கைக்கு வந்தபோது வரிசையோடு சேர்ந்திருந்தேன்.

சிரியுங்கள் தாய்மார்களே, சிரியுங்கள்! நேற்றும் சிரித்தீர்கள், தொப்பிக்குள் சிரித்தால் தெரியாதா என்ன?

ஆனாலும் வரிசை கலைந்தது கலைந்ததுதானே? தெருமுனையில் கினுயோ தொப்பியைக் கழற்றித் தலைவரிடம் நீட்டினாள்.

தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "இத ஏன் என்கிட்ட நீட்டுறீங்க? வேர்த்துக் கொட்டுதே, அந்த மனுஷனுக்கு வீசுங்கம்மா!"

அவள் வீசினாள். வீசிக்கொண்டே என் காதில் சொன்னாள்: "என்னங்க, அடுத்த வருஷம் விசிறிய இன்னும் கொஞ்சம் சீக்கிரமே கீழ போடுங்க."

நிமிர்ந்து நில், நிமிர்ந்து நில் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். குனிந்த பிறகுதானே கூட்டத்தோடு சேர்ந்தேன்! குனிந்த பிறகுதானே என் மனைவி ஆடும் தெருவில் நானும் ஆடினேன்!

அடுத்த ஆண்டு வரை ஏன் காத்திருக்க வேண்டும்? இதோ, விசிறியைக் கீழே போட்டுவிட்டேன். தகேயிச்சி, தட்டுங்கள் மணியை! கினுயோ, எழுந்து வா! பொறுத்துக்கொண்ட பெரியோர்க்கும், சிரித்துக்கொண்ட தாய்மார்க்கும், இந்தக் கதவின் நன்றி, வணக்கம்!