நாலாவது பேணி

— யாக்கோப்பண்ணை, ஏன் நாலு பேணி அரிசி போடுறியள்? இப்ப மூண்டு பேர்தானே.

— கைப்பழக்கம், றஜீவன். விஜயரத்தினம் நேற்றுக் காலமைதானே வெளிக்கிட்டவன்.

— எங்கையாம் நிக்கிறார்?

— அப்டன் பார்க் பக்கம், ஒரு கடையின்ரை பின்னறையிலை. மாமூட்டைக்கு மேலை படுக்கை.

— என்னைப் பாக்காதேங்கோ. வாடகைக்கும் சமையலுக்கும் பங்கு போடேல்லை எண்டு அவரை வாக்கெடுத்துத்தானே அனுப்பினனாங்கள். நான், நீங்கள், சுஜீத், அவர். ஆளுக்கொரு வாக்கு. சனநாயகம்.

— ஓமோம். ஊரிலை எங்கடை கொம்யூனிஸ்ட் கட்சியிலை மேலையிருக்கிறவர் சொல்லுவார், நாங்கள் கை தூக்குவம். பாவம் அவரோடை போகும். உன்ரை சனநாயகத்திலை பாவத்தை நாலாப் பங்கிட்டால் ஆருக்கும் பாரமில்லை.

— உங்கடை கட்சியிலை ஒருத்தன் ஏலாதெண்டு சொல்லியிருப்பானோ?

— சொன்னவன் ஒருத்தன். அடுத்த கூட்டத்துக்கு ஆளில்லை. நாங்களும் தேடேல்லை.

— அப்ப என்ன பெரிய கதை? இஞ்சை சொல்லலாம். நீங்கள்தான் வாய் திறக்கேல்லை.

— திறக்கேல்லைத்தான். ஆனா கேள், இந்த வீட்டிலை இந்தச் சட்டி மட்டும்தான் கொம்யூனிசம். வேயர்ஹவுசிலை பெட்டி தூக்கி ரெண்டு தோளும் விட்டுப்போய், ஷிப்ட் இல்லாமல் கிடந்த விஜயரத்தினத்துக்கு இது சோறு போட்டது. நீ என்ன உழைச்சனி எண்டு ஒருநாளும் கேக்கேல்லை.

— சட்டி கேக்காது அண்ணை. ரெண்டு ஷிப்ட் செய்துபோட்டு வாறவன் கேப்பான். சுஜீத் இறைச்சியை அறைக்குள்ளை ஒளிச்சு வைச்சுத் தின்னத் தொடங்கினதும் இந்தச் சட்டியாலைதான்.

— அதுவும் உண்மை. எண்டாலும் போட்ட வாக்கைத் திருப்பிப் போடலாம், அதுதானே உங்கடை சனநாயகத்திலை இருக்கிற நல்லது. இண்டைக்குத் திரும்ப எடுப்பம். போன் அடிச்சு வரச்சொல்லு.

— என்னெண்டு வரச்சொல்லுறது? தான் போகவேணுமெண்டு அவரே கை தூக்கினவர். முதல் எழும்பினதே அவரின்ரை கைதான். தோள் நோ, கை தூக்கேலாது எண்டு வேலைக்குப் போகாமல் கிடந்த மனுசன், வாக்குக்கு மட்டும் விறுக்கெண்டு தூக்கினார். அதைக் கண்டாப்பிறகுதான் நானும் தூக்கினனான். நோவெல்லாம் நடிப்பு அண்ணை.

— நீ முன்னுக்கு இருந்தனி. கதவடியிலை அவனுக்குப் பின்னாலை ஒட்டி நிண்டது நான்.

— அதுக்கு?

— 'அண்ணை, கையை ஒருக்காத் தூக்கிவிடுங்கோ' எண்டு மெல்லமாக் கேட்டான். முழங்கையிலை பிடிச்சுத் தூக்கிவிட்டது நான்தான்.