விளக்கேற்றும் நேரம்

எடப்பாடி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கைப் பெண் போனைக் காதில் வைத்தபடி, "அந்தம்மா எடுக்கக் கூடாதுங்க்கா," என்றாள்.

பக்கத்திலிருந்தவள் திரும்பினாள். "அப்பறம் எதுக்கு கண்ணு கூப்புடறே?"

"இஸ்ரேல்ல நான் வேலை பாக்கற ஊட்டு யூதம்மாங்க. கண்ணு சரியாத் தெரியாது. வெள்ளிக்கெழம பொழுது உளுகறதுக்குள்ள வெளக்கேத்தோணும். அதுக்கப்பறம் அவங்களுக்கு ஓய்வு நாளு, சனிக்கெழம பொழுது உளுகற வரைக்கும் நெருப்பு, போனு எதையும் தொடமாட்டாங்க. போன்ல இருக்கற ஆப்பைப் பாத்து நாந்தான் வெளக்கேத்தற நேரஞ் சொல்லுவேன். லீவுல வந்ததுல அது நம்மூரு நேரத்தைக் காட்டியிருக்குது. அங்க இந்தக் குளுருகாலத்துல நாலரைக்கே பொழுது உளுந்துரும்; நான் கவனிக்காம அஞ்சே முக்கால்னு சொல்லிப்போட்டேன்."

"அங்க இப்ப?"

"பொழுது உளுந்துருச்சுங்க. போனை எடுத்தா, இன்னும் ஏத்தாம எம்பேச்சை நம்பி உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம்."

போனில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. பிறகு ஒரு வயதான குரல், நிதானமாக, "ஹலோ" என்றது.