கமலவேணிக்கு ஒரு டப்பா

— இங்கதான் இஃப்பத்து. இந்த வேலியோரமாத்தான் காட்டுது.

— அப்பப் புடிச்சு இங்கதான், இங்கதான்... துபாய் மிஷினு! பவுசுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல, வழிதான் தெரியல.

— சிரிக்காத புள்ள. ஜி.பி.எஸ்ஸு கிட்டக்க கொண்டாந்து விடும். மிச்சத்த நாமதான் தேடணும்.

— எதைத் தேடணுங்கறேன்?

— ஜியோகேஷ். யாராவது ஒரு டப்பாவ ஒளிச்சு வச்சுட்டு, எடத்த நெட்டுல போட்டுருவாங்க. கண்டுபுடிக்கறவங்க உள்ளேருந்து ஒண்ண எடுத்தா, பதிலுக்கு ஒண்ணு வைக்கணும்.

— வேலையத்த வேலை! அதுக்கு அரியலூர் ஸ்டேஷன்தான் கெடச்சுதா?

— ஒரு எழுத்தாளருக்கு மரியாதையா வச்சிருக்கு. கமலவேணின்னு...

— ...யாரு?

— கமலவேணி. ஒன் பொறந்த ஊருதான். தெரியாதா?

— கேள்விப்பட்டதே இல்ல மச்சான்.

— இந்த ஸ்டேஷன வச்சே ஒரு கதை எழுதிருக்காங்க. தெனம் வண்டிய வேடிக்கை பாக்க வர்ற பொண்ணு, ஒருநாளும் ஏற மாட்டா. அப்புறம் எழுதறதையே விட்டுட்டாங்க. கல்யாணம் ஆயிருச்சு போல.

— ஏன், கல்யாணம் ஆனா கை ஒடிஞ்சு போயிருமாக்கும்?

— அத அவங்களத்தான் கேக்கணும்... ஆமா, நம்ம தபால்காரர் நடராசன் நேத்து எங்கையப் புடிச்சுக்கிட்டு, 'ஆசிக் தம்பி, கதை அருமை'ங்கறாரு. எந்தக் கதை?

— வெயில்ல அலையிற மனுசன், பாவம்... மச்சான், அந்த வேப்ப மரத்து வேர்ல என்னமோ செவப்பா இருக்கு பாருங்க.

— அட! எடு, எடு. நீயே தொற.

— ...மச்சான்.

— ம்?

— இது நா ஓங்களுக்கு துபாய்க்கு ஊறுகா போட்டு அனுப்புன டப்பா.

— அப்படியா... ஒரே மாரி எத்தனையோ டப்பா...

— மூடில நா அடுப்புல காட்டிக் கருக்குன எடம் இருக்கு. எலுமிச்ச வாசன கூடப் போகல. நீங்களே ஒளிச்சு வச்சு, நீங்களே தேடுனீங்களாக்கும்!

— ...ஆமா.

— நாந்தான் கமலவேணின்னு யாரு சொன்னா? எங்க அத்தாவுக்கே தெரியாதே!

— நீதான் சொன்ன. அங்க எங்க ரூம்ல ஒருத்தன் பழைய வாரப் பத்திரிகை வச்சிருந்தான். லேட்டா வர்ற வண்டியப் பாத்து அந்தப் பொண்ணு, 'பவுசுக்கு ஒண்ணும் கொறச்சலில்ல'ங்கறா. படிச்சதும் ஓங்கொரலு காதுல கேட்டுருச்சு. அழுதுட்டேன் புள்ள.

— டப்பாவுக்குள்ள என்னமோ உருளுது மச்சான்.

— உள்ள பேனா இருக்கு, எடுத்துக்க. நா வெள்ளிக்கிழமை ப்ளைட் ஏறிருவேன்... திரும்ப எழுது. என்னக் கட்டுனதாலதான் விட்டேன்னு ஆயிரக் கூடாது.

— பேனாவ எடுத்தா, பதிலுக்கு ஒண்ணு வைக்கணும்ல?

— ஓங்கையெழுத்த வை, போதும்.

— எந்தப் பேர்ல வைக்க? கமலவேணியத்தான் விட்டேன் மச்சான், எழுதறத விடல. இப்பல்லாம் 'முகமது ஆசிக்'குன்னுதான் போடறேன். நடராசண்ணன் படிச்சது அதத்தான். நீங்க இல்லாத வூட்ல, ஓங்க பேரையாவது எழுதிக்கிட்டு இருக்கலாம்ல...