பூச்சி மாத்திரை

– மறுபடியுமா!

– மறுபடியும்தான் அக்கா. நாரேவுக்குப் பின்பக்கம் ஒட்டி எடுத்த டேப்பை சுகாதார நிலையத்துல பாத்துட்டு, கீரிப்பூச்சி முட்டை இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இந்தாங்க சீட்டு.

– சீட்டெல்லாம் எனக்கெதுக்கு? இருபது வருஷமா இந்தத் துறைமுகத்துல மருந்துக்கடை வச்சிருக்கேன், நான் பாக்காத பூச்சியா? யோன்சிம், நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. டேப்பை எப்ப ஒட்டி எடுத்த?

– காலையில, அவ கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடி. கழுவல, கக்கூஸ் போகல. மூணு நாளும் அப்படித்தான்.

– மாத்திரை?

– இத்தோட மூணு தடவை ஆச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, நீங்க சொன்ன மாதிரியே. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஒரே நாள்ல, ஒரே நேரத்துல.

– நகம்?

– ஒட்ட வெட்டியாச்சு.

– ஜட்டி, போர்வை?

– ஜட்டி, துண்டு, தலகாணி உறை எல்லாத்தையும் தினமும் குண்டான்ல போட்டுக் கொதிக்க வைக்கறேன். போர்வையை உதறாம சுருட்டித்தான் எடுக்கறேன். தரையைப் பெருக்கறதில்ல, ஈரத்துணியால துடைக்கறேன். எழுந்ததும் அவளுக்கு அடியைக் கழுவிவிட்டு, கைக்கு சோப்பு போட்டுட்டுத்தான் சோறு வைக்கறேன். இன்னும் என்னத்தச் செய்ய?

– உங்க ஜன்னல்லேருந்து ஆவி வர்றதைப் பாத்துட்டு, தெருவுல புதுசா குளியல்கூடம் தொறந்திருக்காங்களான்னு மீன்கடைக்காரரு கேட்டாரு.

– சிரிக்காதீங்க அக்கா. எனக்கு அழுகை வருது.

– அட போம்மா. கீரிப்பூச்சி யாரு வீட்லதான் இல்ல? பாலர் பள்ளியில ஒரு பிள்ளைக்கு வந்தா ஒன்பது பிள்ளைக்கு வரும். அசிங்கம்னு மூடி மறைக்கறவங்க வீட்லதான் அது குடும்பம் நடத்தும். நாரே! ஏன்டி கதவுகிட்டயே நிக்கற? பிப்ரவரிக் காத்து பல்லைப் பிடுங்குது. அடுப்புகிட்ட உக்காரு. இந்தா, குட்டித் தயிர் பாட்டில்.

– ரொம்ப நன்றிங்க, பெரியம்மா.

– அடேங்கப்பா! ஆறு வயசுல என்ன மரியாதை!

– வீட்லயும் அப்படித்தான் அக்கா. சோறு வச்சா நன்றிங்க. தலை சீவினா நன்றிங்க. விருந்தாளி மாதிரி... ஐயோ, போன் அடிக்குது. பூசான்ல இருக்கற அண்ணிதான்.

– எடு. இல்லன்னா அதுக்கும் ஒரு பேச்சு கேப்ப.

– சொல்லுங்க அண்ணி... ஆமாங்க அண்ணி, போய்ட்டு வந்தாச்சு... இல்லங்க அண்ணி, இன்னும் இருக்காம்... சுத்தமாத்தான் அண்ணி வச்சிருக்கேன்... சரிங்க அண்ணி... ஆமா, தப்பு என் மேலதான்... சரிங்க அண்ணி. மறுபடியும் கூப்பிடறீங்களா? சரிங்க.

– ஒரு மூச்சுல எத்தனை "சரிங்க அண்ணி"! என்னவாம் உன் நாத்தனாருக்கு?

– மெதுவாப் பேசுங்க, பிள்ளைக்குக் கேக்கும். மார்ச்சில பள்ளிக்கூடம் தொறக்கறாங்கள்ல? நாரேவை பூசான்லயே சேத்து, தன்கூட வச்சு வளக்கப் போறாங்களாம். ஆனா அவங்க வீட்ல ரெண்டு பசங்க. அதுங்களுக்குத் தொத்திக்கும், பூச்சி போச்சுன்னு நீ சொல்ற அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போறேங்கறாங்க.

– உன் புருஷன் என்ன சொல்றான்?

– அவரு சூரை மீன் பிடிக்கற கப்பல்ல எங்கயோ கிடக்காரு. மாசத்துக்கு ஒரு தடவை பேசுவாரு, பாதி கரகரன்னு சத்தம். எங்க அக்கா சொல்றபடி செய்யுன்னு சொன்னாரு. இவளைப் பெத்த அம்மா செத்த பிறகு ரெண்டு வருஷம் இவளை அண்ணிதானே பாத்துக்கிட்டாங்க.

– சரி, நீ என்ன சொல்ற?

– நான் யாரு அக்கா சொல்ல? கல்யாணமாகி பதினோரு மாசம். அதுல அவரு வீட்ல இருந்தது ரெண்டு மாசம். மீதி ஒன்பது மாசம் நானும் இவளும்தான். இன்னிக்கு வரைக்கும் என்னை எந்த முறை வச்சும் கூப்பிட்டதில்ல. "இங்க பாருங்க"ன்னுதான் கூப்பிடுவா. அத்தை வீடுன்னா சிரிச்சுப் பேச ஆளு இருக்கு. நான் சிப்பி உடைக்கற கொட்டகையிலேருந்து நாத்தம் பிடிச்ச கையோட வர்றவ.

– நான் ஒண்ணு கேக்கறேன். பூச்சி போற அன்னிக்குப் பிள்ளையும் போயிடும். அது தெரிஞ்சுமா இப்படி விழுந்து விழுந்து கொதிக்க வைக்கற?

– அதுக்காக அரிப்போட விடச் சொல்றீங்களா? தூக்கத்துல சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாக்கிக்கறா அக்கா. தூக்கத்துலயே அழறா. அதைப் பாத்துட்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்? என்கிட்ட இருக்கற வரைக்குமாவது நல்லா இருக்கட்டும்.

– நல்ல ஆளு போ. உன்னை என்னத்தைச் சொல்லித் திட்டறதுன்னே தெரியல.

– வேற நல்ல மருந்து இருந்தா குடுங்க அக்கா.

– இதுவே நல்ல மருந்துதான். இந்தத் தெருவுல ஏழு வீட்டுக்குக் குடுத்தேன், ஏழு வீட்லயும் போயிடுச்சு. ஒழுங்கா முழுங்கினவங்க யாருக்கும் மூணு தடவை ஆனதில்ல. மாத்திரையை எப்படிக் குடுக்கற?

– நான் எங்க குடுக்கறது? அவளே வாங்கி வாயில போட்டுக்கிட்டு, தண்ணி குடிச்சிட்டு, "ஆ"ன்னு திறந்து காட்டுவா. அவ்வளவு சமத்து.

– ஓகோ. சமத்து... நாரே, பாட்டிலை எடுத்துட்டு இங்க வா. ஒரு கதை சொல்றேன், உன் வயசுல நான் செஞ்ச திருட்டுத்தனம்.

– நீங்களா, பெரியம்மா?

– நானேதான். எங்க காலத்துல பள்ளிக்கூடத்துல ஆளுக்கு ஒரு உறை குடுப்பாங்க. வீட்டுக்குப் போய் கக்கா போய், அதுல கொஞ்சம் எடுத்துக் கட்டி, பேரெழுதிக் கொண்டு வரணும். பூச்சி இருக்கான்னு பாக்கறதுக்கு.

– ச்சீ!

– ச்சீதான். ஆனா அறுபது பிள்ளைங்களும் கொண்டு வரணும். எனக்கோ அன்னிக்குன்னு பாத்து வரல. முக்கிப் பாத்தேன், ம்ஹூம். எதிர்வீட்ல ஒரு மஞ்ச நாய் இருந்துச்சு.

– ஐயோ அக்கா, பிள்ளைகிட்டப் போய் இதையெல்லாம்...

– நீ சும்மா இரு. நாயோடதை எடுத்துக் கட்டி என் பேரை எழுதிக் குடுத்துட்டேன். பத்து நாள் கழிச்சு வாத்தியார் என்னைக் கூப்பிட்டு எழுப்பி நிக்க வச்சாரு. "மனுஷங்களுக்கு வராத பூச்சி உனக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"ன்னாரு.

– அப்புறம்? அடிச்சாங்களா?

– வாத்தியார் ரெண்டு போட்டாரு. எங்கம்மா அடிக்கல. ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேட்டாங்க. பயமா இருந்துச்சுன்னு சொன்னேன். அப்புறம் சோறு போட்டாங்க. என்னடி, தயிர் இறங்கலையா?

– பெரியம்மா... மாத்திரையை முழுங்காம வாயிலயே வச்சிருந்தா, டேப்புல தெரிஞ்சிடுமா?

– வாயில எங்க வச்சிருந்தா?

– கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவுல.

– அப்புறம் எங்க போகும் அது?

– அப்பா பூட்ஸ்ல.

– எந்த பூட்ஸ்? வாசல்ல இருக்கற ரப்பர் பூட்ஸா? அதை நான் தினமும் துடைச்சு வைக்கறேனே!

– வெளியிலதானே துடைக்கறீங்க.

– எத்தனை மாத்திரை இருக்கு அதுல?

– மூணும்.

– மூணுமா! ஏன்டா கண்ணு? கசந்துச்சா? சொல்லியிருந்தா வேற வாங்கியிருப்பேனே?

– கசக்கல.

– யோன்சிம், நீ கொஞ்சம் பொறு. நாரே, உனக்கு அரிக்குதுல்ல?

– ரொம்ப அரிக்குது பெரியம்மா.

– பின்ன ஏன் முழுங்கல?

– பூச்சி இருக்கற வரைக்கும் அத்தை வரமாட்டாங்க. போன்ல சொன்னது எனக்குக் கேட்டுச்சு.

– அத்தை வீட்டுக்குப் போகப் பிடிக்கலையா? உனக்குப் பிடிக்கும்னுதானே நான்... உன்கிட்ட நான் சொன்னேன்ல?

– அங்க பெரிய பள்ளிக்கூடம் இருக்கு, கூட விளையாட ரெண்டு பேரு இருக்காங்கன்னு சொன்னீங்க. போறியான்னு கேக்கல.

– நீ ஒண்ணுமே பேசலையேம்மா.

– நான் எதுவும் பேசக்கூடாதுன்னு அத்தை சொன்னாங்க. உங்களுக்குச் சின்ன வயசு, உங்களுக்குன்னு பிள்ளைங்க பிறக்கும், நான் உங்களுக்குப் பாரம்னு சொன்னாங்க. நீங்களும் தினமும் கொதிக்க வச்சீங்க.

– கொதிக்க வச்சா என்ன?

– சீக்கிரம் பூச்சி போகணும், சீக்கிரம் என்னை அனுப்பணும்னுதானே அவ்வளவு கொதிக்க வச்சீங்க? கையெல்லாம் வெடிச்சுப் போற அளவுக்கு.

– ஐயோ... ஐயோ, அக்கா...

– அழாத யோன்சிம். கடைக்கு ஆளு வர்ற நேரம். அழறதுன்னா சீக்கிரம் அழுதுட்டு, கேக்க வேண்டியதைக் கேளு.

– நாரே, இங்க பாரு. என்னைப் பாத்துச் சொல்லு. அத்தைக்காகவும் சொல்ல வேண்டாம், எனக்காகவும் சொல்ல வேண்டாம். நீ பூசான் போறியா?

– அரிச்சாலும் பரவால்ல.

– அதை விடு. போறியா?

– போகல.

– அப்ப அரிக்கவும் வேண்டாம். அக்கா, மாத்திரை குடுங்க.

– குடுக்கறேன். ஆனா இந்தக் கடையில வழக்கமா கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, அதைக் கேக்காம குடுக்கமாட்டேன். நாரே, நீ சொல்லு. வீட்ல எத்தனை பேரு?

– மூணு பேரு. அப்பா கப்பல்ல இருக்காரு, அவருக்கு வேண்டாம். எங்க ரெண்டு பேருக்கும் குடுங்க.

– கேட்டியா யோன்சிம்? "எங்க ரெண்டு பேருக்கும்." நான் சொல்லிக் குடுக்கல, சாமி சத்தியமா. இந்தாங்க, ஆளுக்கு ஒண்ணு. இங்கயே, என் கண்ணு முன்னாடியே. தண்ணி இந்தா.

– நீங்க முதல்ல போட்டுக்கோங்க.

– போட்டுக்கிட்டேன். பாரு, ஆ.

– நாக்கைத் தூக்குங்க. கன்னத்தைக் காட்டுங்க.

– திருடிக்குத்தான்டி திருட்டு வழி தெரியும்! இப்ப நீ. முழுங்கு... ம், குடி... வாயைத் திற. அந்தப் பக்கம். இந்தப் பக்கம். போயிடுச்சு! ரெண்டு வாரம் கழிச்சு, பூட்ஸ்ல இருக்கறதை விட்டுட்டு, புதுசா இன்னொண்ணு ரெண்டு பேரும் வந்து என் முன்னாடியே போடணும். அதுவரைக்கும் நகம், சோப்பு, குண்டான், எல்லாம் அப்படியேதான்.

– இனிமே கொதிக்க வைக்கறப்போ நானும் கூட வரவா?

– அடுப்புகிட்ட வேண்டாம். காயப்போடறப்போ கிளிப்பு எடுத்துக் குடு.

– சரிங்க. அப்பா பூட்ஸை நானே உள்ள துடைச்சுடறேன்.

– அக்கா, இங்க பள்ளிக்கூடத்துல பேரு குடுக்க இன்னும் நாள் இருக்கா?

– வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு. என் தம்பி பெண்டாட்டி அங்கதான் வேலை பாக்குறா. நாளைக்குக் காலையில போ... பாரு, உன் போன் மறுபடியும் அடிக்குது. பூசான்தான். நான் வேணா பேசட்டுமா? எனக்கு வாய் துடிக்குது.

– வேண்டாம் அக்கா. நான் பேசிக்கறேன். நாரே, நீ என் கையைப் பிடிச்சுக்க... சொல்லுங்க அண்ணி. மருந்துக்கடையிலதான் இருக்கேன்... ஆமா, காரணம் தெரிஞ்சுபோச்சு, இப்பதான் முழுங்கினா... இல்லங்க அண்ணி, நீங்க வர வேண்டாம். கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க. பூச்சி போயிடும் அண்ணி. பிள்ளை போகமாட்டா.